ஆற்றின் பெயரில் எழுதிய பற்று

கைத்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலையின் முன்வாயிலில் நின்றே எழுதுகின்றனர். எத்தனை ஆலைகள் எழுந்தன, எவ்வளவு பண்டம் ஏற்றுமதியாயிற்று, அந்நியச் செலாவணி எவ்வளவு வந்தது என்பனவெல்லாம் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. பின்புறத்து வாய்க்காலால் வெளியேறிய நீருக்கும், அந்நீரிற் கரைந்துபோன உப்புக்கும் காரத்துக்கும் அமிலத்துக்கும் அங்கே ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துதல், கரைந்துபோன இரசாயனங்களை மீட்டெடுத்தல் என்பன இன்று பொறியியலாளரின் காரியமாகவே கருதப்படுகின்றன. ஆனால் ஒருவருடைய இலாபத்துக்கான செலவை வேறொருவர் ஏற்க வேண்டுமா என்ற பழைய வழக்கின் ஒரு பகுதியே இது. அவ்வழக்கு எங்கெங்கே, எவ்வாறு நடந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கோப்பிக் காலத்து நீர்

நக்கிள்ஸ் மலைச் சரிவில் அமைந்தது நமது மடுல்கெல்ல. இம்மலைகளின் ஓடைகள் ஹுலுகங்கையிற் சேர்கின்றன. ஹுலுகங்கை மகாவலியிற் கலக்கின்றது. 1985ஆம் ஆண்டில் விக்டோரியா அணைக்கட்டு இயங்கத் தொடங்கியதன் பின்னர், நம் லயத்துப் பீலியில் விழுந்து ஓடும் நீர் அந்நீர்த்தேக்கத்தையே சென்றடைகின்றது. அங்கே அது மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. பின்னர் தாழ்நிலத்து வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் செல்கின்றது. மலையுச்சியில் வாழும் நாம் ஆற்றின் முதல் வாசிகள். ஆற்றில் எது விடப்படுகின்றது என்ற கேள்வி நம்மிடமிருந்தே தொடங்குகின்றது.

இம்மலைச் சரிவுகளில் முதன்முதல் நடந்த பெருங்கைத்தொழில் கோப்பியே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து எண்பிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிவகுத்தது. அந்நிலங்கள் மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. காடுகள் எரிக்கப்பட்டன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்தே மலையேறினர்.

கோப்பிப் பழம் செடியிலிருந்து பறித்தவுடன் விற்பனைக்கு உதவாது. பழத்தோலை இயந்திரத்தால் உரிக்க வேண்டும். உரித்த விதையைப் பற்றிய பசையை நொதிக்கவிட்டு, தொட்டிகளில் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். அதன் பின்னரே அது தொலிக் கோப்பியாகக் காய்ந்து கொழும்புக்கு வண்டியேறும். இவ்வேலைகள் அனைத்துக்கும் நீர் வேண்டும். அதனாற்றான் கோப்பித் தோட்டத்தின் உரிக்கும் சாலை ஓடைக்கு அருகில் அமைந்தது. நொதித்த பசையும் பழச்சாறும் கலந்த கழுவுநீர் ஆற்றை அடையும்போது, அது அழுகுவதற்கு ஆற்றின் உயிர்வளியையே உட்கொள்கின்றது. உயிர்வளி குன்றிய நீரில் மீன் வாழாது. குடிப்பவர்க்கும் அது உகந்ததன்று.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. உரித்த பழத்தோலை எல்லாத் தோட்டங்களும் வீசிவிடவில்லை. அதைச் சாணத்தோடு கலந்து எருவாக்கிக் கோப்பிச் செடிகளுக்கே இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. எருவை விலைகொடுத்து மலைக்கு ஏற்றுவது பெருஞ்செலவு. ஆதலின் தோல் மீட்கப்பட்டது. நீருக்கோ விலை இல்லை; ஓடை இரவும் பகலும் இலவசமாக ஓடிற்று. ஆதலின் கழுவுநீரை மீட்க எவரும் முற்படவில்லை. விலையுள்ள பொருள் தோட்டத்துக்குத் திரும்பிற்று. விலையற்றதாகக் கருதப்பட்ட பொருள் ஆற்றுக்குச் சென்றது. கழிவு என்று பிறக்கும்போதே ஒன்றும் பெயர்பெறுவதில்லை. கணக்கு எழுதுபவரே அதற்கு அப்பெயரை இடுகின்றார்.

அதே கணக்குப் புத்தகத்தில் வேறொரு பற்றும் எழுதப்பட்டது. கடல் கடந்து வந்த தொழிலாளியின் வழிச்செலவும் முற்பணமும் அவன் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. அக்கடனைக் காகிதத் துண்டில் குறித்து, கடனைத் தீர்ப்பவரிடம் தொழிலாளியை விடுவிக்கும் ‘துண்டு’ முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தொழிலை நடத்தும் செலவைத் தொழிலாளியின் தலையிலும் ஆற்றின் தலையிலும் ஏற்றியது ஒரே கைதான். தொழிலாளிக்கு வாய் இருந்தது, சங்கம் வந்தது, துண்டு ஒழிந்தது. ஆற்றின் பெயரில் எழுதிய பற்று மட்டும் நெடுங்காலம் கேட்பாரின்றிக் கிடந்தது.

1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் இருபதாண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை வந்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டப்பட்டு, உலர்த்தப்படுகின்றது. கோப்பியைப் போல் அதைத் தொட்டி தொட்டியாகக் கழுவவேண்டியதில்லை. இவ்வாறு நம் ஓடைகள் ஒருவகைக் கழிவிலிருந்து தப்பியது எவருடைய அறத்தாலுமன்று, ஒரு பூஞ்சணத்தாலேயே.

சோடா ஆலைகள் கற்ற பாடம்

இரசாயனத்தை மீட்டெடுக்கும் கலை எங்கே வளர்ந்தது? சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் துணிகளுக்கும் வேண்டிய சோடாவை உப்பிலிருந்து ஆக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா லெப்லாங் கண்டு, 1791இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் சோடியம் சல்பேற்று உண்டாகும். கூடவே ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். இங்கிலாந்தின் வடபகுதியில் இவ்வாலைகள் பெருகியபோது அவ்வாயு சுற்றிலுமுள்ள மரங்களைக் கருக்கிற்று. பயிர் பட்டது. உழவரும் நிலக்கிழாரும் வழக்குத் தொடுத்தனர்.

1836இல் வில்லியம் கொசேஜ் என்பவர் அவ்வாயுவை நீரில் கரைத்துப் பிடிக்கும் கோபுரத்தை அமைத்தார். காற்று ஓரளவு தப்பிற்று. ஆனால் கோபுரத்தின் அடியில் சேர்ந்த அமிலநீரை ஆலையினர் ஆற்றில் விட்டனர். வானத்திலிருந்து எடுத்த நஞ்சு தண்ணீரில் இறங்கிற்று. இதை நாம் மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வேறொரு நாட்டில் இதன் மறுவடிவத்தைக் காண்போம்.

1863இல் பிரித்தானியப் பாராளுமன்றம் கார ஆலைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வெளியேறும் அவ்வாயுவில் 100க்கு 95 பங்கை ஆலையினர் பிடித்தே ஆகவேண்டும் என்று அது விதித்தது. இரசாயன அறிஞர் இராபர்ட் அங்கஸ் சிமித் முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். சட்டம் வந்தபின் ஆலைகளில் அமிலம் மலைபோல் குவிந்தது. அதை என்ன செய்வது என்ற நெருக்கடியே புத்தாக்கத்துக்கு வழிகாட்டிற்று. 1860களின் பிற்பகுதியில் வெல்டன், டீக்கன் என்னும் இருவர் அவ்வமிலத்திலிருந்து குளோரினை எடுக்கும் முறைகளைத் தனித்தனியே கண்டனர். குளோரின் சுண்ணாம்போடு சேர்ந்து வெளுக்கும் தூளாயிற்று. துணி ஆலைகளும் காகித ஆலைகளும் அதைப் போட்டியிட்டு வாங்கின. மரத்தைக் கருக்கிய நஞ்சு விற்பனைப் பண்டமாயிற்று. 1880களில் சான்ஸ் என்பவரின் முறையால், ஆலையருகே நாறிக் கிடந்த கழிவுக் குவியலிலிருந்து கந்தகமும் மீட்கப்பட்டது.

வெல்டனும் டீக்கனும் கூர்த்த மதியினர் என்பதில் ஐயமில்லை. எனினும் அமிலத்தை மீட்பதால் இலாபம் வரும் என்று ஆலை முதலாளிகள் முன்கூட்டியே உணர்ந்து அதைச் செய்தார்களென்று கூறவியலாது. முதலில் வழக்கு வந்தது. பின்னர் சட்டம் வந்தது. மூன்றாவதாகவே இலாபம் வந்தது.

பெல்ஜியத்தின் ஏர்ணெஸ்ற் சொல்வே 1861இல் வேறொரு முறையில் சோடா ஆக்கினார். அம்முறைக்கு அமோனியா வேண்டும். அமோனியா விலை மிகுந்தது. எனவே அதனை ஒவ்வொரு சுற்றிலும் மீட்டு மீண்டும் பயன்படுத்தும்படி அவர் தமது ஆலையை அமைத்தார். இரசாயனச் சுழற்சிக்கு இதைவிடச் சிறந்த பழைய எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆனால் அதே ஆலையில் மிஞ்சிய கல்சியம் குளோரைட்டுக்குப் போதிய சந்தை இருக்கவில்லை. அது ஆற்றுக்கும் கடலுக்கும் சென்றது. நமது கோப்பித் தோட்டத்துப் பழத்தோலும் கழுவுநீரும் போலவே, ஒரே கூரையின்கீழ் ஒன்று மீட்கப்பட்டது, மற்றொன்று வீசப்பட்டது.

காகிதத் தொழிலிலும் இக்கதை தொடர்கின்றது. மரக்கூழை அவித்தபின் மிஞ்சும் கருநீரைச் செறிவாக்கி, உலையில் எரித்து, அதிலுள்ள சோடியச் சேர்வைகளை மீட்கும் முறை 1930களில் நன்கு நிலைபெற்றது. எரியும்போது கிடைக்கும் வெப்பம் ஆலைக்கே நீராவி தந்தது. வைக்கோலிலிருந்து காகிதம் செய்யும் ஆலைக்கு இவ்வழி எளிதன்று. வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அது மீட்புக் கருவிகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். வாழைச்சேனையில் 1956ஆம் ஆண்டு முதல் இயங்கிய காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது என்பதை நம் வாசகர் அறிவர். மேனாட்டுப் பொறியை வாங்கிவந்து நம் மண்ணின் பொருளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. நமது மூலப்பொருளுக்கு நமது ஆராய்ச்சி வேண்டும்.

நொய்யலின் கதை

இனி, தமிழ்நாட்டின் நொய்யலாற்றுக்கு வருவோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் கடல் கடந்து சென்ற நம் உறவினர் பலர் நீலகிரியிலும் வால்பாறையிலும் குடியேறினர். அம்மலைகளுக்கு வெகுதூரமில்லாத வெள்ளியங்கிரி மலைகளிற் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர்ப் பகுதியில் காவிரியிற் கலக்கும் ஆறு நொய்யல். அதன் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என்பர் அறிஞர். இரும்பு உருக்கும் தொழிலும் மணிகள் கடையும் தொழிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு நடந்தன என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. தொழில் நொய்யலுக்குப் புதிதன்று.

1970களின் இறுதியிலிருந்து திருப்பூரின் பின்னலாடை மேனாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றோரம் பெருகின. பருத்தித் துணிக்கு ஏற்ற வினைச்சாயங்கள் 1956இல் இங்கிலாந்திலிருந்து சந்தைக்கு வந்தவை. நீரில் நனைந்த பருத்தியும் இச்சாயமும் ஒரேவகை மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுதலை அடக்க உப்பு வேண்டும். கறியுப்பையோ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேற்றையோ ஒரு லீற்றர் நீருக்குப் பல பத்துக் கிராம் கணக்கில் கொட்ட வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும், துணியிற் பிடிக்காத சாயத்தோடு முழுவதும் கழிவுநீருக்குப் போய்விடுகின்றது. லெப்லாங்கின் உலையில் உருவான அதே சோடியம் சல்பேற்று, இப்போது நொய்யலில் கரைந்தது.

திருப்பூரின் கிணறுகள் கெட்டன. பட்டறைகள் சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீரை லொறிகளில் வாங்கின. அந்நீரே சாயமும் உப்புமாக ஆற்றுக்குத் திரும்பிற்று. 1992இல், ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கெனத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. தண்ணீர் கேட்டு அணை பெற்ற உழவர்களே அத்தண்ணீரைத் திறந்துவிட வேண்டா என்று வேண்டும் நிலை வந்தது. தண்ணீர் நிறைந்த அணையின் கீழே தென்னை பட்டது. பாசனத் திட்டங்களின் வரலாற்றில் இதைவிடக் கொடிய முரண்பாட்டை நாம் அறியோம்.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை சாயத்தின் நிறத்தையும் அழுகும் பொருள்களையும் குறைத்தன. கரைந்த உப்பை அவை தொடவில்லை. தெளிந்த நீர் வெளியேறிற்று. ஆனால் அது உப்பு நீர். கொசேஜின் கோபுரத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் நீக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத குற்றம் கீழ்நிலத்து உழவனின் கிணற்றுக்குப் போயிற்று.

உழவர் வழக்காடினர். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஓகஸ்டில் வலியுறுத்தியிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிற்று. 2006 டிசெம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது: 2007 ஜூலை 31க்குள் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையைப் பட்டறைகள் அடைய வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் முதலில் 6 பைசா, பின்னர் 8 பைசா, பின்னர் 10 பைசா செலுத்த வேண்டும். ஆற்றில் விடும் நீருக்கு விலை குறிக்கப்பட்டது. கோப்பித் துரைமாரின் புத்தகத்தில் வெறுமையாக இருந்த பத்தியில் முதல்முறையாக ஓர் இலக்கம் எழுதப்பட்டது எனலாம்.

2009இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. நிலைமை மாறாமையால் 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி கட்டளையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் அடங்கின.

மீட்பும் அதன் விலையும்

அதன் பின்னர் திருப்பூர் செய்தது உலகின் கவனத்துக்குரியது. கழிவுநீரின் நிறமும் அழுக்கும் முதலில் நீக்கப்படுகின்றன. பின்னர் அது எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வுகளினூடாக அழுத்தித் தள்ளப்படுகின்றது. இச்சவ்வை 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவர் இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. சவ்வைக் கடந்த நல்ல நீர் மீண்டும் சாயத் தொட்டிக்குச் செல்கின்றது. கடக்காத செறிந்த உப்புநீர் மேலும் தூய்மையாக்கப்பட்டு, சாயமேற்றுவதற்கு வேண்டிய உப்பாகவே மீண்டும் பயன்படுகின்றது; எஞ்சியது ஆவியாக்கப்பட்டு உப்பு படிகமாக எடுக்கப்படுகின்றது. உப்புநீரையே மீண்டும் பயன்படுத்தும் முறை 2011இல் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சோதித்துக் காட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இதனை வெற்றி என்று மட்டும் எழுதி முடிப்பது எளிது, அது நேர்மையாகாது. நீரை ஆவியாக்க மின்சாரமும் விறகும் நிலக்கரியும் வேண்டும். ஆற்றைக் காத்த செலவில் ஒரு பங்கு காற்றின் பெயரில் எழுதப்படுகின்றது. வேதிக் கசடும், பிரிக்கவியலாத கலப்பு உப்பும் களஞ்சியங்களில் குவிகின்றன. சிறுபட்டறைகள் பல மீண்டும் திறக்கவில்லை. மூடிய மாதங்களில் வேலையிழந்தவர் அன்றாடக் கூலிகளே. வேலையின் ஒரு பகுதி சட்டம் குறைவாகக் கண்காணிக்கப்பட்ட வேறு ஊர்களின் நீர்நிலைகளுக்கு நகர்ந்தது. இத்தனைக்கும் நடுவே அந்தப் பனியனை வாங்கி மேனாட்டுக் கடைகளில் விற்கும் பெருவணிகர் மீது நீதிமன்றத்தின் 6 பைசா விதிக்கப்படவில்லை. மிகக் குறைந்த விலையைக் கேட்டுக் கேட்டு ஆற்றை உப்பாக்கியதில் அவர்களுக்கும் பங்குண்டு. உழவனையும் சாயத்தொழிலாளியையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அவர்கள் மூன்றாம் ஆட்களாய் ஒதுங்கிக்கொண்டனர்.

நமது கேள்வி

நமது நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. 1988இன் திருத்தத்தின் பின்னர், குறித்த தொழில்கள் கழிவை வெளியேற்றச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். எனினும் 2013 ஓகஸ்ட் 1ஆம் நாள் வெலிவேரிய, ரத்துபஸ்வலப் பகுதியில், தங்கள் கிணற்று நீர் கெட்டதற்கு அண்மையிலிருந்த கையுறைத் தொழிற்சாலையே காரணம் என்று கூறித் தெருவில் இறங்கிய மக்கள்மீது இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. மூவர் இறந்தனர், அவர்களுள் பாடசாலை மாணவரும் இருந்தனர். நல்ல தண்ணீர் கேட்டதற்குக் கிடைத்த விடை அது. சிங்களக் கிராமத்தின் கிணறும் தமிழ்த் தோட்டத்தின் பீலியும் ஒரே நிலத்தடியின் நீரையே தருகின்றன என்பதை நாம் உணர வேண்டும்.

மலையகத்தின் இளைஞர் கொழும்புக்கும் வர்த்தக வலயங்களுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். மலையகத்திலேயே தொழிற்சாலைகள் வரவேண்டும் என்ற குரல் எழுகின்றது. அது நியாயமான குரல். தேயிலைச் செடியே தலைமுறை தலைமுறையாக நமது விதியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வியோடு எவரேனும் வந்தால், அக்கேள்வியையே நாம் மறுக்க வேண்டும். எவ்வளவு நீரை எடுப்பீர்கள், எவ்வளவை மீட்பீர்கள், மீளாத கசட்டை எங்கே வைப்பீர்கள், அதன் செலவை யார் தருவார் என்ற நான்கு கேள்விகளை அடிக்கல் நாட்டும் முன்னரே கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும். ஆலை எழுந்தபின் கேட்டதாலேயே நொய்யல் உழவர் பல்லாண்டு வழக்காட நேர்ந்தது.

இக்கேள்விகளைக் கேட்க அறிவு வேண்டும். கார ஆலைச் சட்டத்தைக் கொணர்ந்தவர்கள் காற்றிலுள்ள அமிலத்தை அளக்கக் கற்றிருந்தனர். நொய்யல் உழவர் தம் கிணற்று நீரின் உப்பை அளந்து காட்டினர். நமது பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள் தம் தோட்டத்து ஓடையின் நீரைச் சோதித்து, ஆண்டுதோறும் குறித்துவைக்கக் கூடாதா? தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு குடிநீரின் தரத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கக் கூடாதா? பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள் இவை.

நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் கொசேஜின் கோபுரத்தடியில் ஆற்றுக்குத் திறந்துவிட்ட அமிலத்திலிருந்து அருள்புரத்தில் மீட்ட உப்புநீர் வரை, தொழில்நுட்பம் எப்போதும் மக்களின் எதிர்ப்புக்குப் பின்னரே வந்திருக்கின்றது. மக்கள் கேட்டபோது சட்டம் வந்தது. சட்டம் வந்தபோது பொறி வந்தது. ஹுலுகங்கையின் தலைமாட்டில் வாழும் நாம், நமக்காகவும் தாழ்நிலத்து மக்களுக்காகவும், உரிய வேளையில் கேட்கக் கற்போமாக.